காலை ஆறு மணி ஆட்டம்

அன்புள்ள அம்மா,

இன்று நூலகத்தில் பக்கத்து மேசைப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, உள்ளங்கையில் பிதுக்கித் தேய்த்தாள். உன் கிரீம். அதே கற்றாழை வாசனை. நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போன நர்சுகள் எல்லோரும் வாங்குகிற அந்த மலிவுக் கிரீம். படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த வாசனையோடு கதவைத் திறந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னிடம் நீ கேட்கும் முதல் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது.

"எத்தனாவது இன்னிங்ஸ் மக்களே?"

சொன்னால் யார் நம்புவார்கள்? குமரிக் கடற்கரையில் பிறந்து, வளைகுடாவுக்கு வந்து தேராவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் நைட் டூட்டி பார்த்த ஒருத்தி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடக்கும் பேஸ்பாலுக்காக வேன் டிரைவரை "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினாள் என்று. எனக்கே சில நேரம் நம்ப முடியவில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 'விளையாட்டும் சமூகமும்' பாடத்தின் கடைசிக் கட்டுரையை நான் எழுதிக் கொடுக்காமலே இழுத்துக்கொண்டிருந்தேன். உனக்கு நோய் என்று தெரிந்த மே மாதம் அதை எழுதியிருக்க வேண்டும். பேராசிரியர் என் பெயருக்கு எதிரே 'முடிக்கப்படவில்லை' என்று போட்டு, பிறகு எழுதிக் கொடு என்றார். அந்தப் 'பிறகு' ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அது தோல்வி என்று பதிவாகியிருக்கும். பட்டம் கிடைத்திருக்காது. உன் பெயரில் இருந்த விசா போனபின் கல்லூரி எடுத்துத் தந்த மாணவர் விசாவும் இந்தப் பருவத்தோடு முடியும். அதற்குப் பிறகு, பட்டமில்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றிருந்தது.

எழுத முடியாமல் போனதற்குச் சோம்பல் காரணமில்லை, அம்மா. எழுத வேண்டுமானால் ஆட்டம் பார்க்க வேண்டும். நீ இல்லாமல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பாடத்தை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். என் நேர அட்டவணையில் அதுதான் பொருந்தியது. முதல் வகுப்பிலேயே அந்தத் தாடிக்கார அமெரிக்கர், ஆளுக்கொரு அணியைத் தேர்ந்துகொண்டு பருவம் முழுக்கப் பின்தொடர வேண்டும், வாரம் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்றார். வகுப்பில் பாதிப் பேர் இந்தியா, பாகிஸ்தான். கிரிக்கெட் போதாதா என்று கோரஸ் பாடினோம். தெரியாத விளையாட்டாக இருந்தால்தான் கண்ணைத் திறந்து பார்ப்பீர்கள் என்று சொல்லிவிட்டார். கிழக்குக் கரை ஆட்டங்கள் நமக்கு விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். எனக்குத் தூக்கம் முக்கியம். மேற்குக் கரை அணி என்றால் காலை ஆறு மணி. அதனால் அந்த அணி. அது முந்தின வருடம் கடைசி இடத்தில் இருந்த அணி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நீ முதன்முதலாகப் பார்த்த காலையை நினைத்தால் இன்றும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. டூட்டி முடிந்து வந்து, கட்டஞ்சாயாவோடு சோபாவில் உட்கார்ந்தாய். மட்டைக்காரன் அடித்த பந்து பின்பக்கமாக அவன் தலைக்கு மேலே பறந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. நீ கைதட்டினாய்.

"சிக்சர்! பின்னால அடிச்சே சிக்சர்! கொள்ளாமே பய!"

"அம்மா, அது ஃபவுல். பின்னால போனா செல்லாது."

"செல்லாதா? இம்புட்டுத் தூரம் அடிச்சிருக்கான், செல்லாதா? யாருக்க சட்டம் இது?"

அடுத்து, கூட்டத்தில் ஒருவர் அந்தப் பந்தைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்து நீ எழுந்தே நின்றுவிட்டாய். பந்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்களா, அவரைப் பிடிக்க ஆள் இல்லையா என்று கேட்டாய். மட்டையைக் கீழே எறிந்துவிட்டு ஓடுகிறவனைப் பார்த்து, "வளத்த வீட்டுல ஒழுங்கு சொல்லிக் குடுக்கல" என்றாய். ஆட்டம் கிட்டத்தட்ட தினமும் உண்டு என்று நான் சொன்னதும் உன் முகம் மாறியது.

"தினமுமா? லீவு மாஃபியா? இவனுவளுக்குக் கஃபீல் யாரு?"

மாஃபி என்றால் 'இல்லை', கஃபீல் என்றால் விசா தரும் முதலாளி என்று அடைப்புக்குறிக்குள் விளக்கி, அந்த ஒரு வரியை நான் வாரக் குறிப்பில் அப்படியே எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்து, "உன் அம்மா இந்தப் பாடத்தை எடுக்கலாமே" என்று எழுதியிருந்தார். காட்டினேன். "எனக்கு ஹாஜர் யாரு போடுவா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனாய். ஆனால் அடுத்த நாள் வந்ததும் கேட்டாய், நேற்று என்ன ஆயிற்று என்று.

அப்படித்தான் நம் ஹேண்ட்ஓவர் தொடங்கியது. நீ வீட்டுக்குள் வரும்போது ஆட்டம் பாதி முடிந்திருக்கும். முதல் பாதியை நான் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் கதை சொல்வது போல இழுக்க, நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"இப்பிடியா சொல்லுவாங்க? டூட்டி மாறும்போது நாங்க எப்பிடிச் சொல்லுவோம்? ஆளு யாரு, இப்பம் நெலம என்ன, என்ன குடுத்தாச்சு, என்ன பாக்கி. அம்புட்டுத்தான். உனக்குத் தோணினத கடைசியில சொல்லு."

அதன்பிறகு நான் மேசை ஓரத்தில் விறைப்பாக நின்றுகொண்டு ஒப்பிப்பேன். "ஐந்தாவது இன்னிங்ஸ். நமக்கு ஒன்று, அவர்களுக்கு மூன்று. இரண்டு பேர் அவுட். இரண்டாவது பேஸில் நம் ஆள் நிற்கிறான். பந்து எறிகிற பிட்சர் களைத்துவிட்டான், மாற்ற வேண்டியது பாக்கி." நீ சாயாவை ஊதிக்கொண்டே தலையாட்டுவாய். பிறகு வார்டில் கேட்பது போலவே கேட்பாய்: "வலி உண்டா?" தோற்றுக்கொண்டிருந்தால் உண்டு என்பேன். பெரும்பாலும் உண்டு என்றுதான் சொல்ல வேண்டி வந்தது.

எனக்கு அந்தப் பருவத்தில் படிக்கத் தந்த கட்டுரைகள் எல்லாம் கனமானவை. ஒன்று சொன்னது, ஒரு அணிக்கு ரசிகராவது என்பது ஒரு ஊரைச் சேர்ந்தவராவது என்று. இன்னொன்று, அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்குச் சொத்துப் போல வருவது என்று. நான் பென்சிலால் அடிக்கோடு போட்டு உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டாய்: "அந்த ஊரு எங்க கெடக்குன்னே எனக்குத் தெரியாது. உனக்க அப்பா சோஹார் போர்ட்ல கிரேன் பாக்காரு, அவருக்கு இந்த ஆட்டம் சுத்தமா ஆவாது. அப்பம் நாம யாரு?"

அந்தக் கேள்வியையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மகிழ்ந்துபோய், அதையே உன் கடைசிக் கட்டுரையின் கேள்வியாக வைத்துக்கொள் என்றார். உன்னால் வந்த வினை அது.

அந்தக் கல்லூரிப் பருவம் முடிந்தும் நீ ஆட்டத்தை விடவில்லை. மே மாதக் கடைசியில், கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. நீ வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி, வேறு மாடி. டூட்டி போய்விட்டது. ஆனால் காலை ஆறு மணி இருந்தது. கீமோ கொடுத்த மறுநாள்கூட தலையணையை முதுகுக்குக் கொடுத்து, என் கைபேசியைச் சாப்பாட்டுத் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பாய். இப்போது முதல் பந்திலிருந்தே பார்க்கக் கிடைத்ததில் உனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. "இதுதான் லாபம்" என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. எதை லாபம் என்கிறாய் என்று கத்திவிட்டு, நடைபாதைக்குப் போய் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது நீ ஸ்கோர் சொன்னாய். அந்த ஒரு நாள் எனக்கு நீ ஹேண்ட்ஓவர் கொடுத்தாய்.

உனக்குப் பிடித்தவன் அந்த இளம் பிட்சர். ஒல்லி, உயரம், கழுத்து நீளம். பெயர் வாயில் நுழையாததால் 'நெட்டையன்' என்று பெயர் வைத்தாய். வாரக் குறிப்புகளிலும் நான் அவனை அப்படியே எழுதினேன். தோற்கும் அணியில் அவன் எறிகிற நாளில் மட்டும் நமக்கு நம்பிக்கை இருக்கும். ஜூன் மாதத்தில் ஒருநாள் நன்றாக எறிந்துகொண்டிருந்தவன் ஒரு பந்துக்குப் பிறகு கையை லேசாக உதறினான். வர்ணனையாளர்கள் வேறு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"மக்களே, அவனுக்க கைய பாரு. உள்பக்கம் வலிக்கு அவனுக்கு. சொல்லாம நிக்கான்."

அடுத்த பந்தில் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஆட்கள் ஓடி வந்தார்கள். நீ சிலுவை போட்டுக்கொண்டாய். சில நாட்களில் செய்தி வந்தது: முழங்கையில் அறுவை சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் எறிய முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரத்தில் எதற்கும் அழுகை வந்தது. நீ மட்டும் வார்டு குரலில் பேசினாய்.

"அது தீராத வியாதி இல்ல. வேற எடத்துல இருந்து தசநார் எடுத்து வச்சுத் தைப்பாங்க. அப்பறம் எக்ஸர்சைஸ். அதுதான் கொடும. ஒரு துணியப் பிழியக்கூட கை வராது. ஒழுங்கா செஞ்சான்னா வருவான். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

ஆகஸ்டில் உனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அணி வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தது. அப்பா லீவு போட்டுவிட்டு எல்லை தாண்டி சோஹாரிலிருந்து வந்து உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நமக்காக அவரும் ஆட்டத்தைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல், நீ முகம் சுளித்தால் தானும் சுளித்துக்கொண்டு. ஒரு காலை, ஆட்டம் முடிந்ததும் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். நாடி பார்ப்பது போலத்தான் எப்போதும் பிடிப்பாய்.

"நெட்டையன் அடுத்த வருஷம் வருவான். வந்து எறிஞ்சா, எப்பிடி எறிஞ்சான்னு எனக்குச் சொல்லணும். பாத்துட்டுச் சொல்லு. பேப்பர்ல படிச்சுட்டுச் சொல்லாத."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்? செப்டம்பரில் நீ போனாய். ஊருக்குக் கொண்டுபோய், கடல் தெரியும் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். தேரா வீட்டைக் காலி செய்தோம். அப்பா பெட்டிக்கு மேல் உட்கார்ந்துகொண்டு, "மக்களே, எங்கூட சோஹாருக்கு வந்துரு. இல்லன்னா ஊருக்குப் போய்ப் படி. தனியா எப்பிடி நிப்ப?" என்று கேட்டார். இங்கேயே முடிக்கிறேன் என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஹாஸ்டலுக்கு வந்தேன். காலை ஆறு மணிக்கு வைத்திருந்த அலாரத்தை அழித்தேன்.

இந்த வருடம் முழுக்க அந்த அணியின் பெயர் எங்கே வந்தாலும் பக்கத்தைத் தள்ளிவிட்டேன். நெட்டையன் வந்துவிட்டானா என்று தேடவே இல்லை. பயமாக இருந்தது, அம்மா. அவன் வராமலே போய்விட்டால் நீ சொன்னது தப்பாகிவிடும். வந்துவிட்டால் நீ மட்டும் வரவில்லை என்றாகிவிடும். இரண்டையும் தாங்க எனக்கு வலுவில்லை. கட்டுரைக் கெடு மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

போன வாரம் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். வேறு தலைப்பு தாருங்கள், நூல்களை மட்டும் வைத்து எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் யோசித்தார். தரலாம், நீ கேட்டால் தருகிறேன் என்றார். பிறகு மெதுவாக, "உன் பிட்சர் வியாழக்கிழமை எறிகிறான், தெரியுமா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வற்புறுத்தவில்லை. நான் தலைப்பை மாற்றிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. அறைத்தோழி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோஹாவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், கட்டடக் கலை படிக்கிறாள், விடியும்வரை அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். அவளை எழுப்பாமல் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கைபேசியைத் திறந்தேன். இதோ, நீ கேட்டது. நீ சொல்லித்தந்த முறைப்படியே சொல்கிறேன்.

ஆள்: நெட்டையன். முன்பைவிடத் தோள் அகலமாகியிருக்கிறது, தாடி வைத்திருக்கிறான். முழங்கையின் உள்பக்கம் நீளமாக ஒரு தழும்பு. நிலைமை: முதல் இன்னிங்ஸ், முதல் மட்டைக்காரனுக்கு நான்கு பந்தும் வெளியே போய்விட்டது, அவன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்தான். அடுத்தவன் ஓங்கி அடித்தான், ஒரு ரன் போனது. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். வைத்துவிட்டு உடனே நிமிர்த்தினேன், பார்த்துட்டுச் சொல்லு என்று நீ சொன்னது காதில் கேட்டது. அவன் எறிகிற மேட்டின் பின்பக்கம் போய், தொப்பியைக் கழற்றி, மூச்சு விட்டான். கையை உதறவில்லை, அம்மா. அதைத்தான் முதலில் பார்த்தேன். திரும்பி வந்து அடுத்தவனை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்கி அனுப்பினான். அதற்கடுத்தவனையும். மூன்றாமவன் அடித்தது உயரமாக எழும்பி நம் ஆள் கைக்குள் வந்து விழுந்தது. கொடுத்தது: நான்கு இன்னிங்ஸ். அதற்கு மேல் கைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தார்களாம். வலி: இல்லை. வெளியே நடந்தபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பாக்கி: நம் அணி தோற்றது. அதில் மாற்றமில்லை.

எனக்குத் தோன்றியது: நீ சொன்னது சரி. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ வரவில்லை என்ற வலியும் கூடவே வந்தது. ஆனால் நான் பயந்திருந்தபடி ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

அன்று மாலையே கட்டுரையைத் தொடங்கி, மூன்றாம் நாள் முடித்தேன். அந்த இரண்டு கட்டுரையாளர்களோடும் மரியாதையாகச் சண்டை போட்டிருக்கிறேன். ஊர் வேண்டாம், பரம்பரை வேண்டாம் என்று எழுதினேன். வேலை முடிந்து களைத்து வரும் ஒருத்திக்குச் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும், அவள் வரும்வரை அதைக் கண் கொட்டாமல் பார்த்து வைத்திருக்க வேண்டும், எங்கள் வீட்டில் ரசிகராக இருப்பது என்றால் அதுதான் என்று எழுதினேன். வளைகுடாவில் டூட்டி முடிந்து வருகிறவர்களுக்காக யாரோ விழித்திருக்கும் எல்லா வீட்டிலும் இது புரியும் என்றும் எழுதினேன். நேற்று அனுப்பிவிட்டேன். பேராசிரியரிடமிருந்து ஒரு வரிதான் வந்திருக்கிறது: "கிடைத்தது. படித்தேன். பட்டமளிப்புக்கு அப்பாவை அழைத்து வா." அப்பாவுக்குப் போன் செய்தேன். என்றைக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பயலுக்குக் கை சரியாயிட்டா?" என்று கேட்டார்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை, நெட்டையன் அந்த முதல் ஸ்ட்ரைக் அவுட்டை எடுத்தபோது நான் என்னையறியாமல் கத்தியிருக்கிறேன். அறைத்தோழி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன நடந்தது? ஏன் இப்பிடிக் கத்துறாய்?"

மன்னிப்புக் கேட்டுக் காட்டினேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்து, தோளோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள். அவன் ஏன் ஓடவில்லை, இவன் ஏன் முகமூடி போட்டிருக்கிறான் என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். மூன்றாவது இன்னிங்ஸ் வருவதற்குள் அவளும் நெட்டையனுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

விதிகளை எல்லாம் உனக்குச் சொல்லித் தந்தவள் நான். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் யோசிக்காமல் வாயில் வந்த பதில் வேறு. ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாத வார்த்தையை அன்றைக்குச் சொன்னேன்.

"எங்க அம்மா."